மெதுவாக இறக்கச் சொன்ன கடிதம்

ஆரணியில் நான் வேலை பார்த்த பட்டு ஏற்றுமதிக் கடையில் என் நாற்காலியில் இப்போது திவ்யா உட்கார்ந்திருக்கிறாள். வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தெல்லாம் அவள் பொறுப்பு. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். மெயிலில் புரியாத சொற்றொடர் வந்தால் போனில் போட்டால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் அர்த்தம் வந்துவிடும் என்று செய்து காட்டினாள். நான் சோதித்துப் பார்க்க 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றேன். 'அத்தி பூத்தாற்போல' என்று போன் தமிழிலேயே பதில் சொன்னது. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆகியிருந்தது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

இங்கிலீஷ் மரபுத்தொடர்களை எழுதிவைத்த என் பழைய நோட்டு ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டவேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் போன் செய்தாள். 'லெட் ஹிம் டவுன் ஜென்ட்லி' என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது, எதிரே அர்த்தம் எழுத மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஒருவருக்கு ஏமாற்றமான செய்தியை மனம் நோகாதபடி பக்குவமாகச் சொல்வது என்று அர்த்தம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். மறந்து விட்ட இடமல்ல அது. ஏன் விட்டேன் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் தேசூர்க்காரி. பெயர் எஸ்தர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். போளூரில் சித்தி வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தேன். ஆரணியில் ஆள் தேவை என்று யாரோ சொல்ல, அப்பாவோடு பஸ் ஏறி வந்தேன். ஒரு கடிதத்தைத் தட்டச் சொன்னார்கள், தட்டினேன், உட்காரச் சொன்னார்கள். ஓய்வு பெறும் நாள் வரை அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கடை கீழே, ஆபீஸ் மாடியில். ஜன்னலைத் திறந்தால் நாலு தெருவின் தறிச் சத்தமும் ஒன்றாக உள்ளே வரும். முதல் வாரம் காதை அடைத்தது. பிறகு அது நின்றால்தான் காதில் ஏதோ குறைவது தெரியும். மதியத்தில், சாயம் தோய்த்த பட்டை எதிர்மாடியில் காயப்போட்டிருக்கும்போது, வெயில் அதன் வழியாக வந்து என் மேஜையில் விழும். ஒருநாள் மேஜை குங்கும நிறமாக இருக்கும், ஒருநாள் பச்சையாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் விரல்கள் மெஷின்மேல் நின்றுவிடும். என்ன தட்டிக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துபோகும்.

இங்கிலாந்தை நான் பார்த்ததில்லை. வந்த கடிதங்களை வைத்து நானே ஒன்றைக் கட்டிக்கொண்டேன். அங்கே நிலா எப்போதாவது நீலமாக உதிக்கும். மழை என்றால் வானத்திலிருந்து நாயும் பூனையும் விழும். முடிவெடுக்கத் தெரியாதவர்கள் வேலிமேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். விஷயத்துக்கு வராதவர்கள் புதரைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருப்பார்கள். பையிலிருந்து பூனை எட்டிக் குதித்தால் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊர்ப் பேச்சில் இணை தேடி நோட்டில் எழுதினேன். 'காஸ்ட்ஸ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்', யானை விலை குதிரை விலை. 'பைட் த புல்லட்', பல்லைக் கடித்துக்கொள். சில நாள் இணை கிடைக்காமல் தூக்கத்தில்கூடத் தேடியிருக்கிறேன். கிடைத்த அன்று கல்யாணத்துக்குப் போவதுபோல ஆபீசுக்குப் போவேன்.

எங்கள் ஹெட் கிளார்க் சம்பந்தம் சாருக்கு இதெல்லாம் சுத்தமாகப் பிடிக்காது. கலசப்பாக்கத்துக்காரர். மூக்குப்பொடி டப்பாவை மேஜையில் நேர்கோட்டில் வைக்காமல் வேலையைத் தொடமாட்டார். என் நோட்டுக்கு அவர் வைத்த பெயர் பூச்செண்டு. "பூச்செண்ட மூடி வெச்சிட்டு கடுதாசிய எடும்மா" என்பார். அவர் சிரித்து நான் பார்த்தது, அவர் பாணியில் சொல்லாமல் என் பாணியில் சொன்னால், அத்தி பூத்தாற்போல.

வெளிநாட்டுக் கடிதம் வந்தால் அவர் வைத்த முறை ஒன்று உண்டு. முதல் தடவை நான் இங்கிலீஷில் வாய்விட்டுப் படிக்கவேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இரண்டாம் தடவை வரிக்கு வரி தமிழில் சொல்லவேண்டும். மூன்றாம் தடவை அலங்காரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, எதிராளிக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று மட்டும் சொல்லவேண்டும். அந்த மூன்றாவதைத்தான் நெசவாளரிடம் சொல்ல விடுவார். சனிக்கிழமை நெய்த சரக்கைக் கொண்டுவரும்போது, யாருடைய நெசவைப் பற்றிக் கடிதம் வந்திருக்கிறதோ அவரை மாடிக்கு வரவழைத்துப் படித்துக்காட்டுவது எங்கள் கடை வழக்கம். என்ன படித்துக்காட்டினோம் என்பதை 'சொன்னது' என்று தலைப்பிட்ட நீள நோட்டில் எழுதி, அதன் கீழே அவர் கையெழுத்தை வாங்கவேண்டும். மற்ற கடைகளில் இது கிடையாது. நெய்தவனுக்குத் தெரியாமல் அவன் துணியைப் பற்றிப் பேசக்கூடாது என்பது சம்பந்தம் சாரின் பிடிவாதம்.

தறிக்காரர்களிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. தறியில் பாவு ஏறியிருக்கும் வீட்டில் கெட்ட சேதி சொல்லமாட்டார்கள். நீளவாக்கில் தறி முழுக்க இழுத்துக் கட்டிய நூல்தான் பாவு. அதை முழுதும் நெய்து அறுத்து எடுக்கும்வரை, அடுத்த தெருவில் யாருக்காவது முடியவில்லை என்றால்கூட வாசலில் நின்று "ஒரு சோலி, அப்பால சொல்றேன்" என்று போய்விடுவார்கள். மனசு கலைந்தால் இழை அறுந்துகொண்டே போகும் என்பார்கள். வந்த புதிதில் நான் சிரித்தேன். இருந்து இருந்து நானும் அந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன்.

இந்த இரண்டு வழக்கமும் ஒன்றோடொன்று மோதியது ஏகாம்பரம் அண்ணன் விஷயத்தில்.

இங்கிலாந்தில் கடலோரமாக ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருந்த ஹார்லோ அம்மாள் எங்களிடம் பட்டுச் சால்வை வாங்குவார். ஒரு தடவை ஆரணிக்கே வந்து, ஏகாம்பரம் அண்ணன் நெய்வதை ஒருமணி நேரம் நின்றபடியே பார்த்தார். மழைக்கு முந்தின வானத்து நிறத்தில், ஜரிகையே இல்லாமல் ஒரு சால்வை வேண்டும் என்றார். சம்பந்தம் சார் அதை எருமைக் கலர் என்றார். நம் ஊரில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஏகாம்பரம் அண்ணன் மட்டும் சாயக்காரரோடு நாலைந்து நாள் உட்கார்ந்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தார். விரித்தபோது மாடியே இருட்டிக்கொண்டு வந்ததுபோல இருந்தது. அதிலிருந்து ஹார்லோ அம்மாளுக்கு அவர் ஒருவர்தான் நெய்வார். அந்த அம்மாள் கடிதத்தின் அடியில் அவருக்கென்று தனியாக இரண்டு வரி எழுதுவார். அதை நான் படித்தால் ஏகாம்பரம் அண்ணன் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்ப்பார். என்னை அவர் கூப்பிட்டது டைப்பம்மா என்று. தெருவே அப்படித்தான் கூப்பிட்டது.

அந்த நெசவு கண்ணுக்குக் கொடுமை. சாம்பல் பாவில் சாம்பல் இழை. அறுந்தால் பார்வைக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

சம்பந்தம் சார் மஞ்சள் காமாலையில் படுத்து, கலசப்பாக்கத்தில் பத்தியமாக இருந்த சமயம் ஹார்லோ அம்மாளின் அந்தக் கடிதம் வந்தது. நீலக் காகிதம், வழக்கத்தைவிட நீளம். நான் தனியாக மூன்று தடவை படித்தேன். கடையைத் தொடர்ந்து நடத்த முடியவில்லை, 'த்ரோயிங் இன் த டவல்' என்று எழுதியிருந்தார். தோல்வியை ஒத்துக்கொண்டு விலகுவது. 'ரைட்டிங் ஆன் த வால்', அதாவது கெட்ட காலத்தின் அறிகுறி, ரொம்ப நாளாகவே தெரிந்தது, நான்தான் பார்க்க மறுத்தேன் என்றும் இருந்தது. இனிமேல் சால்வை வேண்டாம், தறியில் ஏறியிருந்தால் அதுவும் வேண்டாம். கடைசியில் ஏகாம்பரத்தைப் பற்றி எழுதும்போதுதான், 'ப்ளீஸ் லெட் ஹிம் டவுன் ஜென்ட்லி.'

எனக்கு அழுகை வந்தது. கூடவே அந்த வரியின் அழகும் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு மனுஷனை உயரத்திலிருந்து கையில் ஏந்தி மெதுவாகத் தரையில் இறக்குவது. அந்தத் தொடரை நோட்டில் எழுதி எதிரே இடம் விட்டுவிட்டு, அதற்கு எங்கள் பேச்சில் என்ன இணை என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டே திரிந்தேன். அந்த நீலக் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சாயம் காயும் மாடிகளைப் பார்த்தபடி, கடற்கரையில் கடையைப் பூட்டும் ஒரு கிழவியைக் கனவு கண்டுகொண்டிருந்தேன். எதிரில் நெய்துகொண்டிருக்கும் ஆளை நினைத்ததைவிட அந்தக் கிழவியைத்தான் அதிகம் நினைத்தேன். இதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமை ஏகாம்பரம் அண்ணன் மாடிக்கு வந்தார். படியில் கையால் சுவரைத் தொட்டுத் தொட்டு ஏறினார். புதுப் பாவு ஏறி மூன்றாம் நாள் என்று உற்சாகமாகச் சொன்னார். அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது எனக்கு. அந்த அம்மாளுக்கு உடம்பும் வியாபாரமும் முன்போல இல்லையாம், உங்கள் சால்வையை ஆயுசுக்கும் மறக்கமாட்டாராம் என்று படித்தேன். இரண்டும் கடிதத்தில் இருந்தவைதான். ஒன்றும் பொய் சொல்லவில்லை. மற்றதைப் பாவு அறுத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று மடித்துவிட்டேன். 'சொன்னது' நோட்டில் அந்த இரண்டு வரியையும் எழுதினேன். கையெழுத்துப் போட அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, நோட்டைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

"கண்ணு இன்னாண்ணா?" என்றேன்.

"வலது கண்ணு பேஜாரு பண்ணுதும்மா. முகாமுல பாத்த டாக்டரு, உள்ள அழுத்தம் ஏறிகினே போவுது, ஜல்தியா வேலூர் போ, போன பார்வை திரும்பி வராதுன்னாரு. போவணும். அந்தம்மா அங்க காத்துகினு கீறாங்க இல்ல, இந்தப் பாவ முடிச்சிக் குடுத்துட்டுப் போறேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை, அண்ணா, இன்றைக்கே போங்கள் என்று ஒரு வரி. ஒரு வரிதான். நான் சரிங்கண்ணா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் படியிறங்கிப் போனார். எனக்கு ஒரு நல்ல காரியம் செய்ததுபோலத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து சம்பந்தம் சார் வந்தார். கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை. வந்ததும் பொடி டப்பாவை நேராக வைத்துவிட்டு, இல்லாத நாட்களின் கடிதங்களையும் 'சொன்னது' நோட்டையும் கேட்டார். நீலக் கடிதத்தை நான் படிக்க, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு நோட்டில் நான் எழுதிய இரண்டு வரியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். வேண்டாம் என்று எழுதியிருக்கிறாரே, அது எங்கே என்று மட்டும் கேட்டார். தறியில் பாவு இருக்கிறது சார், அதனால்தான், அந்த அம்மாளே பக்குவமாகச் சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறார் என்றேன்.

"மெதுவா எறக்கச் சொல்லிதாம்மா எழுதிகீறாங்க. நீ எறக்கவே இல்லியே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு வா என்றார். மஞ்சள் காமாலை ஆசாமி முன்னால் போக, நான் பின்னால் ஓடினேன். போகிற வழியில்தான் கண் விஷயத்தைச் சொன்னேன். அவர் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு இன்னும் வேகமாக நடந்தார்.

வீட்டுக்குள் ஏகாம்பரம் அண்ணன் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து, முகத்தைப் பாவின்மேல் கவிழ்த்தபடி விரலால் இழை தேடிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் தலைக்குமேல் குண்டு பல்பு எரிந்தது. அவர் மனைவி சரசக்கா பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பாவில் அதுவரை நெய்து எடுத்த சால்வைகள் மடித்து அடுக்கியிருந்தன. பாவு இன்னும் பாதி பாக்கி.

சம்பந்தம் சார் அவரை மேலே வந்து உட்காரச் சொன்னார். ஏகாம்பரம் அண்ணன் காமாலை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். சார் என் பக்கம் திரும்பி, "படிம்மா, முழுசா" என்றார்.

படித்தேன். பூ ஒன்றுகூட வைக்காமல் படித்தேன். கடையை மூடிவிட்டேன். இனிச் சால்வை வேண்டாம். தறியில் இருப்பதும் வேண்டாம். ஏகாம்பரத்திடம் மனசு நோகாமல் சொல்லுங்கள். நாலே வாக்கியம். என் நோட்டில் இருந்த அத்தனை தொடரும் அந்த நேரத்தில் எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

"இது எப்ப வந்த கடுதாசி?" என்று கேட்டார் ஏகாம்பரம் அண்ணன்.

அன்றைக்குச் சனிக்கிழமை படித்த அதே கடிதம்தான் என்றேன்.

என்னைப் பார்க்க அவர் முகம் முழுவதையும் திருப்பவேண்டியிருந்தது. தெருவில் மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு எழுந்து பல்பை அணைத்தார்.

"சரசா, துணிமணி எடுத்து வை. காலைல மொத பஸ்ஸுக்கு வேலூர் போலாம்."

பாதி நெய்த சால்வை தறியிலேயே நின்றது. சரசக்கா கையில் இருந்த நூலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மூணு வாரமா கெஞ்சிகினு கீறேன், டைப்பம்மா. ஒரு கடுதாசிக்குக் கெளம்பிட்டாரு பாரு."

முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு நானும் அவர்களோடு போனேன். போகாமல் இருந்திருந்தால் என் முகத்தையே எனக்குப் பார்க்கப் பிடித்திருக்காது. பஸ் ஜன்னலில் பனி மூட்டமாக இருந்தது. வயல்கள் எல்லாம் அந்தச் சால்வை நிறத்தில் கிடந்தன. ஏகாம்பரம் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்ப்பதும், பிறகு மாற்றிப் பார்ப்பதுமாக வந்தார். நான் தூங்குவதுபோல் இருந்தேன்.

கண் டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் வராது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றதும் என்னிடம் பேசினார். வலது கண்ணுக்கு 'எ பிட் லேட் இன் த டே' என்றார். அருமையான தொடர். பொழுது சாய்ந்துவிட்டது என்று அதைத் தமிழில் அழகாகச் சொல்லலாம். நான் சொல்லவில்லை. வலது கண் பார்வை திரும்பாது அண்ணா, இடது கண்ணைக் காப்பாற்றிவிடுவார்களாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

எனக்கு ஒன்று தெரியவேண்டியிருந்தது. மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் காகிதங்களைப் புரட்டினார். கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம், சந்தேகமில்லை என்றார்.

"நீங்க இன்னா கேட்டீங்க, அவரு இன்னா சொன்னாரு?" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

நான் கேட்டதையும் சொன்னேன். அவர் சொன்னதையும் சொன்னேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த கடினமான மொழிபெயர்ப்பு அதுதான். ஒன்றுக்கும் அகராதி தேவைப்படவில்லை. சரசக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

இடது கண் பிழைத்தது. கடையில் அந்தப் பாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தம் சார் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் சனிக்கிழமைகளில் நான் படிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். ஓய்வு பெறும்வரை உட்கார்ந்தார். அவர் போனபிறகும் நான் முழுசாகத்தான் படித்தேன். கெட்ட சேதியைத் தறிமேலேயே சொல்லிவிடுகிறாள், கல்நெஞ்சக்காரி என்று தெருவில் எனக்குப் பெயர் வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஏகாம்பரம் அண்ணன் திரும்பிய வாரம், ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று போனேனே தவிர எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. தறி வெறுமையாக இருந்தது. ஏகாம்பரம் அண்ணன் நடையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார், வலது கண்மேல் பச்சைத்துணி. சரசக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றார். அண்ணா, என் தப்புதான், அன்றைக்கே நான் சொல்லியிருக்கவேண்டும் என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை நீட்டி டீ டம்ளரை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"நீங்க அன்னிக்கே முழுசா சொல்லியிருந்தாக்கூட நான் போயிருக்க மாட்டேன், டைப்பம்மா. பாவ அறுத்துட்டுத்தான் போயிருப்பேன். என்னப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது."

சரசக்காவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து பல்பை அணைத்து, பாதிப் பாவோடு வேலூருக்குக் கிளம்பியவர் அந்த மனுஷன். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.